காதுக்கு ஒரு நாள் லீவு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

ஒரு உதவி வேண்டும். நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய, கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கக்கூடிய, சத்தமே இல்லாத இடம் ஒன்று சொல். ஒரு கேம்ப் மைதானத்தையே கட்டி மேய்க்கிற உன்னைத் தவிர வேறு யாரைக் கேட்பேன்? உன் இடத்துக்கே வரலாம்தான். ஆனால் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வருவது இப்போது கொஞ்சம் சிரமம்.

எல்லாம் நீ வானொலி என்று பெயர் வைத்த என் மனைவிக்காகத்தான். போன மாதம் ஒருநாள் டாக்சி கம்பெனியிலிருந்து வந்தவள் ஹெட்போன் பட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "காதுக்கு ஒரு நாள் லீவு வேணும்ங்க" என்றாள். நாள் முழுக்க "வண்டி எங்க வந்திருக்கு, எப்ப வரும்" என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிற காது. அதற்கு மேல் எங்கள் தெரு. வீட்டுக்கு நேர் கீழே டயர் கடை, எதிரே பேருந்துகள் திரும்பும் இடம். உனக்குத் தெரியாததா?

வண்டி கூடாரம் வரைக்கும் போக வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். கழிப்பறை பக்கத்தில் இருந்தால் நல்லது. அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் இருக்கிறது, அதனால்தான் வலியும் இருக்கிறது. தைலத்தைத் தேய்த்தேன். பூனை கூட என் பக்கத்தில் வருவதில்லை.

சத்தமில்லாத இடம் வேண்டும் என்கிறாய். சரி. ஆனால் வானொலியையும் கூட்டிக்கொண்டு போனால் அது எப்படிச் சத்தமில்லாத இடமாக இருக்கும்? கல்யாணத்தன்று போட்டோக்காரரிடம் அவர் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்தவள் அவள். நான் அந்தப் பெயரை வைத்தது அன்றுதான். அவளிடம் சொல், அவள் அண்ணி நான் விசாரித்தேன் என்று.

நகரத்துக்குப் பக்கத்தில் மூன்று இடங்கள் எனக்குத் தெரியும். தனித்தாளில் வழி எழுதியிருக்கிறேன். அணைக்கட்டுக்குக் கீழே புல்வெளி, தைல மரத் தோப்பு, மலையடிவாரத்தில் பழைய சுங்கச்சாவடிக்குப் பின்னால் ஒன்று. பகலில் பார்த்துவிட்டு அமைதியாக இருக்கிறது என்று ஏமாறாதே. பொழுது சாய்ந்த பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார். பெருஞ்சாலை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து காதில் போடும். விடுமுறை நாளில் எங்கேயும் போகாதே. சனிக்கிழமை என் மைதானமே சந்தைக்கடை.

அது சரி, கழிப்பறை பக்கத்தில் வேண்டும், தரை சமமாக வேண்டும் என்கிறாயே, உங்கள் இரண்டு பேருக்கும் அப்படி என்ன வயதாகிவிட்டது?

ரொட்டி வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். தபால் அவர் கையில்தான் போக வேண்டும். இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். உன் பூனையையும் விசாரித்ததாகச் சொல்.

நீ சொன்ன மூன்று இடங்களையும் வார விடுமுறைகளில் போய்ப் பார்த்துவிட்டேன். வானொலியை அழைத்துப் போகவில்லை. முதலில் நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அணைக்கட்டுப் புல்வெளியில் இப்போது ஒரு உணவகம் வந்துவிட்டது. ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள். தைல மரத் தோப்பு அருமையான இடம். கூடாரத்துக்கு நல்ல தரை கூடப் பார்த்துவிட்டேன். ஏழு மணிக்கு மேல் தலைக்கு நேர் மேலே விமானங்கள் இறங்க ஆரம்பித்தன. சுங்கச்சாவடிக்குப் பின்னால் நீ சொன்ன மாதிரியே காற்று. லாரி கியர் மாற்றுவது கூடக் கேட்டது.

திரும்பி வந்ததும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் கேட்பாள். மரம் எப்படி, தண்ணீர் எப்படி, என்ன சத்தம் வந்தது என்று. நான் சொல்லச் சொல்லக் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். "இதைவிட நல்ல இடம் இருக்கும்ங்க, தேடுங்க" என்பாள். அவளுக்கு அவ்வளவு ஆசை.

இப்போது அவளுக்கு டாக்சி கம்பெனியில் நீண்ட லீவு. கொஞ்சம் அலுப்பு, வேறொன்றும் இல்லை. எனக்கு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அதிகம். படுக்கையோடு ஏற்றுகிற பெரிய லிஃப்ட், கதவு சரியாக மூடவில்லை. அதனால்தான் பதில் தாமதம்.

வேறு இடம் தெரிந்தால் எழுது. சாய்வு நாற்காலி போட இடம் இருக்குமா என்பதையும் சேர்த்து எழுது.

தம்பி

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை.

நகரத்தில் எத்தனையோ கட்டடம், எத்தனையோ லிஃப்ட். உன் கடிதத்தில் ஆஸ்பத்திரி லிஃப்ட் மட்டும்தான் கெட்டுப்போகிறது. கழிப்பறை, சமதரை, சாய்வு நாற்காலி. நான் இங்கே பத்து வகை ஆட்களைத் தினமும் பார்க்கிறேன் தம்பி. யார் எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாதா? அவளுக்கு என்ன? மழுப்பாமல் எழுது.

ஒரு இடம் ஞாபகம் வந்தது. பழைய ஏரிக்குப் பின்னால் மரக்கன்று வளர்க்கும் பண்ணை ஒன்று இருந்தது. உன் அத்தான் அங்கே ஒரு வருடம் காவலுக்கு இருந்தார். இப்போது பண்ணையை மூடிவிட்டார்கள். காவலர் அறையும் கழிப்பறையும் அப்படியே இருக்கின்றன. வண்டி உள்ளே வரைக்கும் போகும். மூன்று பக்கமும் மேடு, ஒரு பக்கம் தண்ணீர். உன் அத்தான் சொல்வார், அங்கே இலை விழுந்தால் திரும்பிப் பார்ப்பாராம். சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கிறேன்.

முதலில் நான் கேட்டதற்குப் பதில் எழுது.

அக்கா

மே 28

அக்கா,

உடனே எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

வயிற்றில் கட்டி. ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. திறந்து பார்த்துவிட்டு, எடுக்க முடியாது என்று மூடிவிட்டார்கள். மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். போன வாரம் அதையும் நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அந்தத் தளத்துக்கு லிஃப்ட் வந்து நின்றது. நானே சரி பண்ணிய லிஃப்ட். ஏறாமல் படியிலேயே இறங்கி வந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. உடம்பு தேறுவதற்காக இடைவெளி விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள். "அப்ப அந்த ஏரிக்குப் போலாம்" என்றாள். நீ பண்ணையைப் பற்றி எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

அவள் கேட்டது அது ஒன்றுதான் அக்கா. நகையா கேட்டாள், புடவையா கேட்டாள்? ஒரு ராத்திரி சத்தமில்லாத இடம். அதையாவது கொடுத்துவிட வேண்டும். சாவி கிடைக்குமா? சீக்கிரம் பார். உன் உடம்பை விசாரிக்க மறந்துவிட்டேன். நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தம்பி

ஜூன் 3

தம்பி,

சாவி கிடைத்துவிட்டது. பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை. நான் முந்தின நாளே பஸ்ஸில் போய் அறையைக் கூட்டி, கழிப்பறைக்குத் தண்ணீர் நிரப்பி வைக்கிறேன். ஒரு கட்டிலும் போட்டு வைக்கிறேன். நீ அவளை மட்டும் பத்திரமாகக் கூட்டி வா. மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டு.

அவள் முன்னால் நான் அழ மாட்டேன். பயப்படாதே.

அக்கா

ஜூன் 30

அக்காவுக்கு,

அவள் இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

இரண்டு வாரமாக மனதில் வைத்துக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

அன்று நாங்கள் வந்து சேர்ந்தபோது உண்மையிலேயே அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் போட்டு உட்கார வைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வானொலி பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. இதைத்தானே கேட்டாள், கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் வெயில் படுகிறது என்று நீ அவளை அறைக்குள் அழைத்துப் போனாய். நான் கூடாரத்தைப் போட்டு முடித்தேன். ஐந்து மணி கூட ஆகியிருக்காது. நீ வெளியே வந்து, "மேல மழையாம், ஏரி தண்ணி ஏறுமாம், இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க" என்கிறாய். யார் சொன்னது என்று கேட்டதற்கு ஏதோ ஒரு காவலர் வந்து சொன்னதாகச் சொன்னாய். நான் யாரையும் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் இருட்டியதும் வானமெல்லாம் நட்சத்திரம் அக்கா. ஒரு சொட்டு மழை இல்லை. மறுநாள் பேப்பரிலும் இல்லை. எதற்குப் பயந்தாய்? அனுமதி இல்லாமல் சாவி வாங்கினாயா? உனக்குத் திட்டு விழும் என்றா? ஒரு ராத்திரிக்கு நான் உன் கால் பிடித்துக் கெஞ்சியிருப்பேனே.

நகரத்துக்குள் நுழைந்து சிக்னலில் நின்றபோது கண்ணாடியை இறக்கச் சொன்னாள். மூச்சு முட்டியிருக்க வேண்டும். அப்படியே வெளியே தலையைச் சாய்த்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள். இனி அவளை எங்கேயும் கூட்டிப் போக முடியாது. எழுந்து உட்காரவே இரண்டு பேர் வேண்டும்.

உன்னை நான் புரிந்துகொள்ளவில்லை.

தம்பி

ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டேன். என் புத்தி அன்று அப்படிப் போய்விட்டது. கோபப்படு. என்மேல் கோபப்படாமல் வேறு யார்மேல் படுவாய்?

கிளம்பி வரட்டுமா? அவளைக் குளிப்பாட்டவாவது ஒரு ஆள் வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். நீ வேளைக்குச் சாப்பிடு. அவளிடம், அண்ணி விசாரித்தேன் என்று மட்டும் சொல்.

அக்கா

நவம்பர் 11

அக்காவுக்கு,

நலமா?

ஆகஸ்ட்டில் எல்லாம் முடிந்த அன்று நீ வந்தாய். நான் உன்னிடம் பேசவில்லை. அதன் பிறகு நீ எழுதிய மூன்று கடிதமும் வந்தன. பிரிக்கவில்லை. நேற்றுதான் பிரித்தேன். எல்லாவற்றிலும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறாய்.

சாப்பிடுகிறேன். வாரா வாரம் விடுமுறையன்று வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூடப் போகிறேன். அவளுக்காகத் தேடியபோது கிடைக்காத இடமெல்லாம் இப்போது கிடைக்கிறது. மூடிப்போன ஒரு கல் குவாரிக்கு அந்தப் பக்கம் ஒன்று. நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. வண்டி உள்ளே போகும். சமதரை. பறவை கூட இல்லை. அங்கே உட்கார்ந்தால் என் மூச்சு எனக்கே கேட்கிறது. மார்ச்சிலேயே இதைக் கண்டுபிடித்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருப்பேன். கூடாரம் போடுவதில்லை. வண்டியிலேயே படுத்துவிடுகிறேன்.

மேஸ்திரி கூப்பிட்டுக் கண்டித்தார். வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். வீட்டுச் சாவியையும் கொடுத்துவிடப் போகிறேன். அந்தத் தெருச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டேதானே அவள் போனாள்? கடைசி நாளில் கூட டயர் கடையில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லி ஓடினேன். அதற்குள் முடிந்துவிட்டது.

அவள் கேட்டது ஒரே ஒரு ராத்திரி. அதைக் கொடுக்க முடியவில்லை. உன்மேல் கோபம் குறைந்துவிட்டது. என்மேல் குறையவில்லை. அவ்வளவுதான்.

தம்பி

நவம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

வேலையை விடாதே. சாவியைக் கொடுக்காதே. இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்.

அன்று எந்தக் காவலரும் வரவில்லை. மழை என்று யாரும் சொல்லவில்லை. அவள்தான் சொல்லச் சொன்னாள். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். நீ கல் குவாரியில் போய்ப் படுத்துக் கிடப்பாய் என்று தெரிந்திருந்தால் அவள் அந்த வாக்கைக் கேட்டிருக்க மாட்டாள். அதனால் மீறுகிறேன்.

அறைக்குள் கட்டிலில் உட்கார வைத்ததும் என் கையை விடவே இல்லை. "அண்ணி, எப்படியாவது எங்களை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "இங்க உக்காந்தா இப்பவே நான் இல்லாத மாதிரி இருக்கு. நம்ம வீட்ல டயர் கடைக்காரன் யாரையாவது திட்டிட்டு இருப்பான். பஸ் வரும், போகும். நான் இன்னும் இருக்கேன்னு தெரியும்."

அப்புறம் ஏனம்மா இத்தனை மாதம் அவனைத் தேட விட்டாய் என்று கேட்டேன். காதுக்கு லீவு வேண்டும் என்றது ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னதாம். அடுத்த வாரம் பார்த்தால் நீ தரையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்தாயாம். "தேடிட்டு வந்து சொல்றப்ப மட்டும்தான் அண்ணி இவர் முகம் பழைய முகமா இருக்கு. அதான் நல்ல இடம் சொன்னாக்கூட இன்னும் தேடுங்கன்னு சொல்லுவேன்."

உடம்பு தேறத்தான் மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நானும் ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள். "இத்தனை வருஷம் போன்ல வெறும் குரலை வச்சே பொழைச்சவ நான். வண்டி வந்துட்டே இருக்குன்னு சொல்ற டிரைவர் இன்னும் வீட்ல இருக்கானான்னு கண்டுபிடிச்சிடுவேன். இவர் குரல் எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு எல்லாம் தெரியும் தம்பி. நீ தாங்க மாட்டாய் என்று தெரியாதவள் மாதிரி இருந்தாள். நீ அவளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அவள் கேட்டது வீடு. அதை அவளுக்குக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறாய்.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் நேரில் வந்து திட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

டிசம்பர் 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து படித்தேன். முதலில் கோபம் வந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் அவளிடம் மறைத்தேன், அவள் என்னிடம் மறைத்தாள். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் தூங்குவது போலப் பாவனை செய்திருக்கிறோம். ஒரு நாள் சேர்ந்து அழுதிருக்கலாம். அது போயே போய்விட்டது.

குவாரிக்கு ஒரு தடவை போனேன். வண்டியிலிருந்து இறங்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். வேலையை விடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அன்று நீங்கள் இருவரும் அறைக்குள் நெடுநேரம் இருந்தீர்கள். நீ எழுதியது கொஞ்சம்தான். அவள் பேச ஆரம்பித்தால் அவ்வளவோடு நிறுத்துகிறவளா? வேறென்ன சொன்னாள்? ஒன்றுவிடாமல் எழுது. சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. புதிதாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

உன் முழங்காலுக்குக் குளிர் ஆகாது. கம்பளியைச் சுற்றிக்கொள்.

தம்பி

ஜனவரி 2

அன்புத் தம்பிக்கு,

முழங்காலில் கம்பளி சுற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதுகிறேன். வரிசை முன்னே பின்னே இருக்கும்.

நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "உங்க தம்பி போடுறதை விடப் பரவாயில்ல" என்றாள். என் நரையைப் பார்த்து, மை பூசினால் பத்து வயது குறையும் என்றாள். அவள் இடத்தில் இப்போது போன் எடுக்கும் பெண்ணுக்கு வடக்குத் தெருவும் வடக்கு வீதியும் வேறு வேறு என்று இன்னும் பிடிபடவில்லையாம். பாவம், டிரைவர்கள் திட்டுவார்கள் என்று கவலைப்பட்டாள். உன் நீலச் சட்டையில் காலர் நைந்துவிட்டது, சொன்னால் தூக்கிப் போட மாட்டார், ஒளித்து வைத்திருக்கிறேன் என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. தேடிப் பார்.

கட்டில் ஜன்னல் ஓரமாக இருந்தது. பேசிக்கொண்டே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அந்தக் கூடாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறு பக்கம் சரிந்தது. துணிக்குள் நீயே மாட்டிக்கொண்டு கையை ஆட்டினாய். அவள் சத்தம் வராமல் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவ்ளோ பெரிய லிஃப்டைத் தூக்கி நிறுத்துறாரு, இதை நிறுத்த முடியல பாருங்க."

உனக்கு ஒரு கை கொடுக்கலாம் என்று நான் எழுந்தேன். கூடாரம் போடுவதுதானே என் பிழைப்பு? என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"போகாதீங்க அண்ணி. மெதுவா முடிக்கட்டும். கொஞ்ச நேரம் பாத்துட்டு இருக்கேன்."

நான் போகவில்லை. நீ முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் முழுவதும் அவள் ஒன்றும் பேசவில்லை. அதனால் எழுத வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா